புதுப்பிப்பு: 66 மஸ்டாங்கில் சாட்டிலைட் ரேடியோ
1966 ஃபோர்டு மஸ்டாங் காரின் டாஷ்போர்டை வெட்டாமல் சிரியஸ்எக்ஸ்எம் (செயற்கைக்கோள் வழியே வரும் ரேடியோ சேவை) கேட்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? வேலை முடிந்தது. ஒலியை எஃப்எம் அலையாகக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் என் காரில் இருப்பது ஏஎம் மட்டும் பிடிக்கிற ரேடியோ. அதை அழகுக்கு அப்படியே விட்டுவிட்டேன். சாட்டிலைட் ரிசீவர் கிளவ் பாக்ஸில். அதிலிருந்து ஒலியைக் கொண்டுபோகும் ஆக்ஸ் வயர் சீட்டுக்கு அடியில் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது.

ஆன்டெனாதான் படுத்தியது. சிக்னல் 2.3 கிகாஹெர்ட்ஸ், இரும்புத் தகட்டைத் தாண்டாது. டாஷுக்குள் ஒளித்தபோது ஒரு கோடுகூட வரவில்லை. அப்புறம் காந்த ஆன்டெனாவை டிக்கி மூடியில் ஒட்டி, வயரை ரப்பர் பீடிங் வழியாக இழுத்தேன். கொஞ்சம் கண்ணை உறுத்துகிறது, பரவாயில்லை.

இனி மிச்சம் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) சீழ்க்கை, அதாவது அதனால் ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் (எர்த்) வயரை மாற்றிப் பார்க்கப் போகிறேன்.