புது ஹெட்செட்டில் பேஸ் இல்லை, வலது காதில் நிற்கவும் இல்லை: மாற்றிவிடலாமா?

காரிமங்கலத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரியில் ஒரு மொபைல் கடையில் 550 ரூபாய்க்கு ஒயர் வைத்த இன்-இயர் ஹெட்செட் வாங்கினேன். பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மாட்டிக் கேட்டால் பேஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, துளியும் இல்லை. தவில் வெறும் 'டக் டக்' என்று வருகிறது, நாதஸ்வரம் காதைக் குத்துகிறது. எனக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, தினமும் பஸ்தான். கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி வருவதற்குள் வலது பக்கம் நழுவித் தோளில் விழுந்துவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சில நேரம் பாடுபவர் குரல் மட்டும் எங்கோ போய்விட்டு பின்னணி இசை மட்டும் கேட்கிறது. ஃபோனில் செருகும் பின்னைத் திருகினால் சரியாகிவிடுகிறது. கடையில் சொன்னால் "இந்த விலைக்கு இவ்வளவுதான் தம்பி, நல்லதா வேணும்னா ரெண்டாயிரம் போடுங்க" என்கிறார்கள். பீஸ்தான் சரியில்லையா, இல்லை நான் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு மெக்கானிக்:
ரெண்டாயிரம் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் தம்பி. நீங்கள் சொல்வது ஒரே கோளாறு இல்லை. குரல் காணாமல் போவது பின் சம்பந்தப்பட்டது. மைக் வைத்த ஹெட்செட்டின் பின்னில் இடது, வலது, மைக், எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டு என்று நான்கு இணைப்புகள் இருக்கும். பின் முழுதாக உட்காராமல் கிரவுண்டு விட்டுப்போனால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாட்டில் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக வைத்திருப்பார்கள். சமமாக இருப்பது கழிந்துபோய்விடும், மிச்சம் மட்டும் கேட்கும்.

மொபைலின் பின்கவரைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். தடியான கவர் பின்னைக் கொஞ்சம் வெளியிலேயே நிறுத்திவிடும். அப்படியும் 'டிக்' என்று உட்காரவில்லை என்றால் ஓட்டைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கும். ஃபோனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். குண்டூசி, ஹேர்பின் எதுவும் உள்ளே போகக் கூடாது.

பென்னாகரம் டீச்சர்:
பேஸ் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். பாட்டு ஓடும்போதே காதில் வைக்கும் இரண்டு பீஸையும் விரலால் லேசாக உள்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். பேஸ் உடனே கூடினால் ஹெட்செட்டில் குறை இல்லை, காற்று கசிகிறது என்று அர்த்தம். இன்-இயர் வகையில் ரப்பர் காதுத் துவாரத்தை முழுதாக அடைத்தால்தான் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் உள்ளே நிற்கும். மயிரிழை இடைவெளி போதும், பேஸ் வெளியே போய்விடும். மேல் ஒலிகள் அப்படியே இருப்பதால் எல்லாம் குத்தலாகக் கேட்கும். உங்கள் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, இடது பீஸை வலது காதிலும் வலது பீஸை இடது காதிலும் மாட்டிப் பாருங்கள். அப்போதும் வலது காதில்தான் நழுவுகிறது என்றால் அது அளவுப் பிரச்சினை. நழுவல் பீஸோடு சேர்ந்து மறு காதுக்குப் போனால் பீஸில்தான் ஏதோ இருக்கிறது, தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

பெட்டிக்குள் சின்னது, பெரியது என்று வேறு ரப்பர்கள் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுத்தர அளவை மாட்டித்தான் அனுப்புவார்கள். நம் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று இல்லை, அதனால் காதுக்கொரு அளவு போட்டாலும் தப்பில்லை.

மாட்டும் விதமும் முக்கியம். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து, மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். உள்ளே இருக்கும் வளைவு நேராகும். அப்போது வலது கையால் ரப்பரைச் சற்றே திருகியபடி உள்ளே விட்டு, பிறகு மடலை விடுங்கள். சரியாக உட்கார்ந்தால் வெளி இரைச்சல் சட்டென்று இறங்கும், நீங்கள் பேசுவது குடத்துக்குள் பேசுவது போல உங்களுக்கே முழங்கும். அந்த முழக்கம் ஒரு பக்கம் மட்டும் வந்தால் மறுபக்கம் இன்னும் கசிகிறது. வலிக்கும் அளவுக்குத் தள்ள வேண்டாம்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
புது ஹெட்செட்டை நூறு மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் தானாகத் திறந்துகொள்ளும் என்கிறார்களே? ராத்திரி முழுக்கப் பாட்டு போட்டு வைத்துப் பாருங்கள்.

பாலக்கோடு மெக்கானிக்:
நண்பரே, அதை நம்பி உட்கார்ந்தால் கடையில் மாற்றித் தரும் நாள் போய்விடும். ஓடவிடுவதால் மாற்றம் வந்தாலும் மிகக் கொஞ்சம். ரப்பர் மாற்றினால் வரும் வித்தியாசம் அரை நிமிஷத்தில் தெரியும். நாள் ஆக ஆக நன்றாகக் கேட்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் நம் காது அதற்குப் பழகிப்போவதால்தான்.

காரிமங்கலத்தான்:
ரொம்ப நன்றி. கவரைக் கழற்றியதும் பின் முழுதாக உட்கார்ந்தது, குரல் போகவே இல்லை. கவரின் ஓட்டையைச் சுற்றிக் கத்தியால் சீவிவிட்டேன். பக்கம் மாற்றியும் பார்த்தேன், எந்த பீஸைப் போட்டாலும் வலது காதில்தான் நழுவுகிறது. வலதுக்கு மட்டும் பெரிய ரப்பர் போட்டேன், இடதுக்கு நடுத்தரமே போதும். தவிலின் தொப்பிப் பக்கம், அந்தக் கனத்த ஒலி வரும் பக்கம், இப்போதுதான் காதில் விழுகிறது. பஸ்ஸிலும் விழவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் ஊர் கூத்தை ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறேன். அதில் முகவீணை (நாதஸ்வரம் மாதிரி ஊதும் சின்ன வாத்தியம்) வந்தாலே இன்னும் குத்துகிறது. அப்புறம் ஒயர் சட்டையில் உரசினால் 'கர கர' என்று காதுக்குள்ளேயே கேட்கிறது.

பென்னாகரம் டீச்சர்:
ஒயரைக் கீழே தொங்கவிடாமல் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக இறக்குங்கள். உரசல் பெருமளவு அடங்கும், பீஸும் கீழே இழுபடாது.

கூத்துப் பதிவை வைத்து ஹெட்செட்டை எடைபோடாதீர்கள். முகவீணையும் பம்பையும் பக்கத்தில் முழங்கும்போது ஃபோன் மைக்கே தாங்காமல் ஒலி சிதைந்து பதிவாகியிருக்கலாம். அந்தச் சிதைவை எந்த விலை ஹெட்செட்டும் சரிசெய்யாது. ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம் மட்டும் உள்ள நல்ல பதிவாக எடுங்கள், உங்களுக்கு மனப்பாடமான பாட்டாக இருக்கட்டும். 'ச', 'ஸ' வரும் இடத்தில் சீறுகிறதா, மிருதங்கத்தின் தொப்பித் தட்டுகள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, இல்லை ஒரே 'கும்' ஆகக் குரலை மூடுகின்றனவா என்று கவனியுங்கள். குரல் தெளிவாக இருந்தால் எனக்கு அதுவே பாதிக்கு மேல் பாஸ். விலை குறைந்ததில் நிறைய கம்பெனிக்காரர்கள் பேஸைக் கூட்டிவிட்டு, குரலில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டில் அமைதியாக இருக்கும்போது கேளுங்கள். பஸ்ஸில் எஞ்சின் உறுமல் பேஸை மறைத்துவிடும், தீர்ப்பு தப்பாகிவிடும். இன்னொரு ஹெட்செட்டோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும். அப்புறமும் குத்தினால், ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். பேஸை ஏற்றுவதைவிட இது நல்லது.

ஒன்றே ஒன்று, தம்பி. இப்போது காது அடைபட்டுவிட்டதால் பழைய வால்யூமில் வைக்காதீர்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்குப் போனால் அது 4 மணி நேரம்தான். தினமும் ஓசூர் வரை போய் வருகிறவருக்கு 4 மணி நேரம் ஒன்றிரண்டு நாளிலேயே தீர்ந்துவிடும்.

காரிமங்கலத்தான்:
வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டேன், எல்லாமே கேட்கிறது. பெரிய ரப்பர் தொலைந்துபோனால் தனியாகக் கிடைக்குமா? வியர்த்தால் லேசாக வழுக்குகிறது.

பாலக்கோடு மெக்கானிக்:
ஆன்லைனிலும் கடையிலும் கிடைக்கும். ஹெட்செட்டையே கையில் கொண்டுபோய், பீஸில் ரப்பர் மாட்டும் கழுத்துப் பகுதியில் மாட்டி இழுத்துப் பார்த்து வாங்குங்கள். துளை பெரிதான ரப்பர் கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படி ஆனால் நோண்டாமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

வழுக்கலுக்கு ஃபோம் வகை நன்றாக இருக்கும். விரலால் உருட்டி ஒல்லியாக்கி உள்ளே வைத்து, அரை நிமிஷம் பிடித்துக்கொண்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். மேல் ஒலியை லேசாக மட்டுப்படுத்தும், குத்தலுக்கும் நல்லது. ஆனால் சீக்கிரம் நைந்துபோகும். இப்போதுள்ள ரப்பரையே கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினாலும் வழுக்கல் குறையும். ரப்பர் கழற்றிய சமயத்தில் பீஸைக் கவிழ்த்துப் பிடித்து, வலையில் ஒட்டிய அழுக்கை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வலையில் மட்டும் தண்ணீர் படக் கூடாது.