அப்பாவுக்கு வந்த இரண்டு புண்கள்

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். படுத்தே கிடப்பவர்களுக்கு அழுத்தத்தில் வரும் படுக்கைப் புண்ணைப் பற்றிப் பேசும் எல்லோரும் "தோல் சிவந்தால் உடனே கவனியுங்கள்" என்கிறார்கள். எங்கள் அப்பா நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியும்?

வீட்டுக்கு வந்த மிஸிதான் (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) காட்டிக் கொடுத்தார். புறங்கையை அப்பாவின் தொடையில் வைத்தார், அப்புறம் வால் எலும்புப் பக்கம் வைத்தார். "நீங்களும் தொட்டுப் பாருங்க அக்கா." அந்த இடம் மட்டும் சுட்டது. கொஞ்சம் கெட்டியாகவும் இருந்தது. அதுதான் புண்ணின் தொடக்கமாம். நானாக இருந்தால் தகரக் கூரைச் சூடு என்று விட்டிருப்பேன்.

அப்பாவுக்கு அடியில் வைக்கத் தம்பி ஈப்போவில் வாங்கி வந்த காற்று வளையத்தை மிஸி முதல் வேலையாக எடுக்கச் சொன்னார். வளையத்தின் விளிம்பு அழுத்தி, சுற்றிலும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்குமாம். நான் நல்லெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்ததும் தப்பு. உள்ளே நைந்துபோன சதை இன்னும் கிழியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பச் சொன்னார். அதுவும் முழுசாக ஒருக்களித்து இல்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. ராத்திரி 12, 2, 4 என்று அலாரம். நாலு மணிக்கு மட்டும் அப்பா முழித்தே இருப்பார், தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம். அந்தப் புண் ஆறிவிட்டது.

கடைசி வாரம் வந்தது வேறு. காலையில் துடைத்தபோது ஒன்றும் இல்லை. சாயங்காலம் அதே இடத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஊதா நிறத்தில் ஒரு புண். "புரட்டிப் போடாம விட்டுட்டியா?" என்றார் அத்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மிஸி பார்த்துவிட்டு, "இது உங்க தப்பு இல்ல அக்கா" என்றார். சாவு நெருங்கும்போது சிறுநீரகம் கைவிடுகிற மாதிரி தோலும் கைவிடுமாம். கென்னடி என்ற அமெரிக்கத் தாதி 1989இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம், அவர் பெயரிலேயே இந்தப் புண்ணைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அலாரம் வைக்கவில்லை. அப்பா முனகினால் மட்டும் மெல்ல நகர்த்தினோம், அதற்கு முன்னால் வலி மருந்து கொடுத்துவிடுவோம். நாலாம் நாள் போய்விட்டார்.

கருமாதி அன்று அத்தை மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். மிஸி சொன்னதைச் சொன்னேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.