புதுப்பிப்பு: கொல்லையில் ஆட்டுக் கொட்டகை எழும்பிவிட்டது

நாலு ஆட்டுக்குக் கொட்டகை போடணும், கூரைக்குத் தகரமா கீற்றா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. கீற்றுதான் வேய்ந்தோம். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் ஆடு தவித்துப் போகும் என்று உங்களில் பலர் சொன்னதையே மாமாவும் சொன்னார்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக 12 அடி, அகலம் 8 அடி. இப்படி வைத்தால் உள்ளே வெயில் குறைவாகத்தான் இறங்கும்.

தரையிலிருந்து 4 அடி உயரத்தில் ஆடுகள் நிற்க மரச்சட்டப் பரண். நேரம் பிடித்தது இதற்குத்தான். சட்டங்களுக்கு நடுவே புழுக்கை கீழே விழவும் வேண்டும், குட்டியின் குளம்பு சிக்கவும் கூடாது. மச்சான் சுண்டுவிரல் பருமனில் ஒரு குச்சியைச் சீவி, ஒவ்வொரு இடுக்கிலும் வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தார். அவர் இல்லாமல் பரண் இவ்வளவு சீராக வந்திருக்காது.

கீற்று முடைந்தது அம்மாவும் சித்தியும். மட்டையைத் தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டு முடைந்தால் ஓலை ஒடியாது. கடையில் வாங்கும் கீற்றைவிட நெருக்கமாக முடைந்திருக்கிறார்கள், பார்க்கவே அழகு!

பரணுக்கு ஏற சாய்வுப் பலகை மட்டும் பாக்கி. குறுக்கே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தால் மழைக்காலத்தில் வழுக்காமல் இருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.