திருச்சி – சிங்கப்பூர்: அம்மாவின் பயணத்துக்கு யோசனை தேவை

அடுத்த மாதம் அம்மா தனியாக, திருச்சியிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். டிக்கெட்டில் இரவு 1.30க்குக் கிளம்பி காலை 8 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. "ஆறரை மணி நேரமா உட்காரணும்?" என்று முழங்காலைத் தடவுகிறார். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். சுமார் 3,000 கி.மீ., பறப்பது நாலு மணி நேரம்தான் என்றால் நம்புவதாயில்லை.

சரி, அது போகட்டும். என் கவலை தரைவழிதான். கும்பகோணத்திலிருந்து விமான நிலையம் 100 கி.மீ. பக்கம். மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். அன்று முகூர்த்த நாள் வேறு. பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக இரவு எட்டு மணிக்குக் கார் எடுத்தால் போதுமா? அப்புறம், சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே பதிய வேண்டுமா, கவுண்டரில் கேட்டாலே தருவார்களா? சமீபத்தில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.