ஏடபிள்யூஇ32 சவுண்ட் கார்டில் நினைவக சிம் போட்டபின் தவிலில் மட்டும் இரைச்சல்

பாளைக்காரன்:
அப்பாவின் கம்ப்யூட்டர் சென்டரில் மிஞ்சிய பழைய 486 கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 95, சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 கார்டு. கார்டின் ரோமில் (மாற்ற முடியாதபடி ஒலிகள் பதிந்த நினைவகம்) சிதார் உண்டு, ஷெனாய்கூட உண்டு; தவில் கிடையாது. என்ன நியாயமோ! நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்கு வாசிக்கிற ஒருவரிடம் கேட்டு, தவிலின் இரு பக்கங்களான வலந்தலை, தொப்பி என்று ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிவு செய்து சவுண்ட்ஃபான்ட் (கார்டில் ஏற்றி வாசிக்கும் ஒலித் தொகுப்பு) கட்டினேன். அதை ஏற்றக் கார்டில் இருக்கும் ரேம் 512 கேபிதான்; 44.1 கிலோஹெர்ட்ஸில் மோனோவாக வைத்தாலும் ஆறு வினாடிக்குள் தீர்ந்துவிடும். அதனால் பழைய 386-இல் இருந்து கழற்றிய 4 எம்பி, 30 பின் சிம் (ரேம் சில்லுகள் பதித்த சிறு பலகை) இரண்டைச் செருகி, கார்டில் அதற்கான ஜம்பரையும் (சிறு இணைப்புச் செருகி) மாற்றினேன்.

8 எம்பி என்று சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் தவில் அடி ஒவ்வொன்றின் பின்னாலும் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல். ரோம் ஒலிகள் சுத்தம். ஒரு சிம்மில் ஒன்பது சில்லு, மற்றதில் மூன்று. இரண்டும் 386-இல் ஒழுங்காக ஓடியவை.

மேலப்பாளையம் 386:
ஒன்பதையும் மூன்றையும் ஜோடி சேர்த்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அளவு ஒன்றானாலும் உள்ளே வரிசைகளின் எண்ணிக்கை வேறாக இருக்கும். ரெஃப்ரெஷ் (பதிந்தது அழியாமல் அவ்வப்போது புதுப்பிப்பது) கணக்கும் மாறும். சில்லு எண்ணின் கடைசியில் -7 அல்லது -8 (70, 80 நானோசெகண்ட் வேகம்) இருக்கிறதா பாருங்கள். -10 என்றால் 100 நானோசெகண்ட், அதைக் கழற்றிவிடுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:
தம்பி, புதுசு வாங்க ஓடாதீங்க. 30 பின் சிம் ஒரு நேரத்தில் 8 பிட்தான் கொடுக்கும். உங்கள் தவில் ஒலி 16 பிட். அதனால்தான் அந்தக் கார்டு ஜோடி கேட்கிறது: ஒரு சிம்மில் மேல் பாதி பைட், இன்னொன்றில் கீழ்ப் பாதி. கீழ்ப் பாதியில் பிட் கெட்டால் பிழை சின்னது, உஸ் என்று கேட்கும். மேல் பாதியில் கெட்டால் ஸ்பீக்கர் பயந்துபோகிற மாதிரி டப் டப் என்று வெடிக்கும்.

ஆகவே மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு சிம்மையும் இடம் மாற்றிப் போடுங்கள். உஸ் வெடிப்பாக மாறினால் சிம்மில் கோளாறு. மாறாமல் உஸ்ஸாகவே இருந்தால் சாக்கெட்டில். 8 எம்பி காட்டுவதை வைத்து ஒன்றும் முடிவு பண்ணாதீங்க; அளவு பார்க்க எல்லா இடத்தையும் எழுதிப் படிக்க வேண்டியதில்லை. அப்புறம், அந்த சாக்கெட்டில் சிம்மைப் பிடிக்கும் காது பிளாஸ்டிக் என்றால் இரண்டு பக்கமும் ஒருசேர மெதுவாக விலக்குங்கள். ஒடிந்தால் சிம் நிற்காது.

பாளைக்காரன்:
மாற்றிப் போட்டதும் வெடித்தது அண்ணாச்சி, பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். மூன்று சில்லு சிம்தான். அதன் உலோகப் பின்கள் ஒன்றிரண்டில் பச்சை பூத்திருந்தது. ரப்பரால் தேய்த்து ஸ்பிரிட்டில் துடைத்துப் போட்டேன், தொப்பி அடி இப்போது தொப்பியாகவே கேட்கிறது. ஒன்பதும் மூன்றும் சேர்ந்தேதான் ஓடுகின்றன. சில்லுகள் எல்லாம் -7. நாதஸ்வரமும் ஏற்ற வேண்டும், 16 எம்பி சிம் இரண்டு போடலாமா?

பேட்டை அண்ணாச்சி:
போடலாம், ஆனால் 32-இல் 28 எம்பிதான் கிடைக்கும். மீதி 4 எம்பி முகவரி இடம் ரோமுக்குப் போய்விடும். 16 எம்பி 30 பின் சிம் கிடைப்பதும் அரிது, விலையும் கூட. 8 எம்பியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். நீண்ட ஸ்வரங்களை லூப் போட்டு (ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு) வையுங்கள், நாதஸ்வரத்துக்கு அதுவே தாராளம்.