மரத்தில் செய்த தாயக்கட்டையில் தாயம் விழ மறுக்கிறது

கேள்வி (காட்பாடி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டி வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டைகளில் ஒன்று வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக, பழைய வேப்பமர நிலைச்சட்டத்தில் மிஞ்சிய துண்டிலிருந்து ஒரு சோடியை நானே அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் புள்ளிகளைச் சுட்டுச் செய்தேன். நீளம் 6 சென்டிமீட்டர். சுற்றி வரும் நான்கு முகங்களில் வரிசையாக 1, 2, 3 என்று புள்ளிகள், நான்காவது வெற்று முகம். பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன.

ஆனால், தாயம் (ஒரு கட்டையில் 1, மற்றதில் வெற்று முகம்) விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதிப்படி ஆடத் தொடங்கினால், அரை மணி நேரமாகியும் பாதிப் பேருக்குக் காய் இறங்குவதில்லை. இரண்டு கட்டைகளிலும் வெற்று முகம் வரும் பன்னிரண்டு மட்டும் தாராளமாக விழுகிறது. நான் ஏதோ வேலை செய்துவைத்திருக்கிறேன் என்று என் மகளே சொல்லிவிட்டாள். எழுதிவைத்துப் பார்த்தேன்: 48 முறை உருட்டியதில் தாயம் 2 முறை, பன்னிரண்டு 8 முறை, இரண்டும் நான்கும் சேர்ந்து 26 முறை, மீதி 12 முறை மூன்றும் ஐந்தும். ஆறு ஒரு முறைகூட விழவில்லை. புள்ளிகளுக்காகச் சுட்ட குழிகளால் எடை மாறியிருக்குமா? இன்னொரு சிக்கலும் உண்டு. மாடிக் குடியிருப்பின் ஓடு பதித்த தரையில் கட்டை விழும் ஓசை கீழ்வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கிறது.

பதில் 1 (குடியாத்தம், தச்சு வேலை தெரிந்தவர்)

ஐயா, குழிகளின் மேல் பழி போட வேண்டாம். ஆணி முனையளவு சுட்டதால் குறையும் எடை இந்த அளவுக்குக் கட்டையைச் சாய்க்காது. உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. பன்னிரண்டு, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் வெற்று முகமும் 2-ஆம் முகமும் மட்டுமே மேலே வந்தாலும் விழக்கூடியவை. நீங்கள் புள்ளியிட்ட வரிசைப்படி அந்த இரு முகங்களும் எதிரெதிரானவை. அதாவது, உங்கள் கட்டை சதுரமாக இல்லை. அந்த இரு முகங்களும் மற்றவற்றைவிட அகலமாக இருப்பதால், கட்டை அகலமான பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. தாயத்துக்கு ஒரு கட்டையில் 1 மேலே வந்தாக வேண்டும். குறுகிய முகத்துக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

வெர்னியர் இருந்தால் அளந்து பாருங்கள். இல்லையென்றால், ஒரு காகிதப் பட்டையைக் கட்டையின் குறுக்கே இறுகச் சுற்றி நான்கு விளிம்புகளையும் குறித்து, பிரித்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். சரிசெய்வதற்கு இழைக்க வேண்டியது அகலமான முகங்களை அன்று, 1-ஆம் 3-ஆம் முகங்களை. பலர் இங்கேதான் தவறிவிடுவார்கள். அந்தப் புள்ளிகள் அழிந்துபோகும், திரும்பவும் சுட வேண்டியதுதான். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்க்காமல், கண்ணாடியின் மேல் விரித்து அதன்மீது கட்டையை இழுத்தால் முகம் உருளாது.

புதிதாகச் செய்வதானால், மரவாடியில் ஒரே ரீப்பரை (ஒல்லியான நீள மரச்சட்டத்தை) வாங்கி, முழு நீளத்தையும் சதுரமாக இழைத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகு, கடைசியில் இரண்டாக அறுங்கள். இரண்டு கட்டைகளும் ஒரே மாதிரி அமையும். ஒரு பக்கம் வைரமும் (மரத்தின் நடுவே உள்ள கெட்டிப் பகுதியும்) மறுபக்கம் வெளுத்த மரமுமாக உள்ள துண்டைத் தவிர்த்துவிடுங்கள், அதில் எடை உண்மையாகவே ஒருபுறம் சாயும். புளியமரத்து வைரம் கிடைத்தால் வேம்பைவிடக் கனமாக இருக்கும், நன்றாக உருளும். ஆனால் அறுப்பவர் கை நோகும். இரு முனைகளையும் சற்றே கூம்பாக்கிவிட்டால் கட்டை செங்குத்தாக நிற்காது.

பதில் 2 (ஆற்காடு, கணித ஆசிரியை)

மேலே சொன்னது சரி என்பதற்கு எண்களும் சான்று. இரண்டு கட்டைகளுக்கும் சேர்த்து 16 விதமான விழுகைகள் உண்டு. அவற்றில் பன்னிரண்டுக்கு 1, தாயத்துக்கு 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. ஆகவே 48 முறைக்குத் தாயம் 6 முறையும் பன்னிரண்டு 3 முறையும் எதிர்பார்க்கத்தக்கவை; இரண்டும் நான்கும் சேர்ந்து 18. திருத்திய பிறகு ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக 100 முறை உருட்டி எழுதுங்கள். ஒரு முகத்துக்கு 25 வர வேண்டும். 20 அல்லது 30 வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, 36-ஐத் தாண்டினால் இன்னும் கோணல் இருக்கிறது என்று கொள்ளலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தால் உங்கள் மகளின் சந்தேகமும் தீரும்.

பதில் 3 (ஆம்பூர்)

ஓசைக்கு எங்கள் ஊரில் வழி இருக்கிறது. தோல் வெட்டும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளில் ஓரளவு பெரியதைக் கேட்டு வாங்கி, அதன் சொரசொரப்பான பக்கத்தில் கட்டங்களையும் மலைகளையும் (காயை வெட்ட முடியாத கட்டங்களையும்) பேனாவால் வரைந்துகொண்டால் ஆடுகளமும் ஆயிற்று, சுருட்டி வைக்கவும் வசதி. கட்டையையும் அதன்மேலேயே உருட்டுங்கள். கட்டை தயாராகும் வரை பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். ஆறு புளியங்கொட்டைகளை எடுத்து ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும்படி கல்லில் உரசிக் கொடுங்கள். வெள்ளை ஒன்று விழுந்தால் தாயம், எதுவும் விழாவிட்டால் பன்னிரண்டு. எங்கள் அம்மா காலத்தில் பித்தளைக் கட்டை இல்லாத வீடுகளில் இதுதான் ஆட்டம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன்: ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர், மறுபக்கம் பதினொன்றரை. கண்ணாடியின் மேல் தேய்த்துச் சரிசெய்து, அழிந்த புள்ளிகளை மீண்டும் சுட்டேன். நேற்று மாலை மகளே நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து 160 முறை உருட்டினாள். தாயம் 17 முறை, பன்னிரண்டு 12 முறை. தோலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இப்போதைக்குப் பழைய போர்வையை மடித்து விரித்திருக்கிறோம். முதல் ஆட்டத்தில் என் காய்கள்தான் கடைசியாக இறங்கின.