பொருள்: போட்ட மந்திரத்தை இடையில் நிறுத்துவதற்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

கிளிநொச்சியிலிருந்து, ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற, மேசையில் பகடை உருட்டிக் கதைமாந்தராக ஆடும் விளையாட்டை விளையாடுகிறோம். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்ட விதிநூலில் மந்திரப் பகுதியைத் தமிழாக்குகிறேன். வியாழன் பின்னேரம் போட்டோக்கொப்பிக்குக் கொடுக்க வேண்டும்.

மந்திரம் நேரத்துக்கு முன்பே மூன்று விதமாக முடியலாம். ஒன்று, போட்டவரே நிறுத்துவது. மாயக்கை என்ற மந்திரத்தால் வரும் கை ஒரு நிமிடம் நிற்கும். அதற்குள் அனுப்பிவிட வேண்டுமென்றால் தன் முறையில் ஒரு செயலைச் செலவழிக்க வேண்டும். இரண்டு, மனத்தை ஒருமுகப்படுத்திப் பிடித்து வைத்திருக்கும் மந்திரம். பிடியை எப்போதும் விடலாம், செலவில்லை. ஆனால் அடிபட்டால் பகடை உருட்டி 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது கூடவோ அதை எட்ட வேண்டும். தவறினால் மந்திரம் போச்சு. மூன்று, வேறொருவர் தன் மந்திரத்தால் இல்லாமலாக்குவது. மூன்றாம் நிலை வரையுள்ள மந்திரமென்றால் உடனே போகும். அதற்கு மேலென்றால் 10-உடன் நிலையையும் கூட்டி அந்த எண்ணை உருட்டிப் பிடிக்க வேண்டும்.

மூன்றுக்கும் 'நீக்கம்' என்று எழுதிக் குழப்பிவிட்டேன். முதலாவதற்குக் 'கலைப்பு' சரியா?

மாங்குளத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதலில் 'மந்திரம்' எதற்கு? தொல்காப்பியமே மறைமொழி என்கிறதே. சரி, அதை விடுவோம். நீங்கள் கேட்பது பாரதத்தில் இருக்கிறது. அருச்சுனன் தான் விட்ட பிரமசிர அத்திரத்தைத் தானே திரும்ப வாங்கினான். அசுவத்தாமனுக்கு விடத் தெரிந்தது, வாங்கத் தெரியவில்லை. வடமொழியில் அது உபசங்காரம். நமக்கு அது வேண்டாம். 'மீட்டல்' என்று வையுங்கள். நிரையை மீட்டார்கள், வேர் 'மீள்' என்பதில்...

ஒட்டுசுட்டானிலிருந்து:

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மீட்டல் என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முதல் செய்வது. தாய்மாருக்கு அடகுக்கடை.

கலைப்பிலும் வில்லங்கம் இருக்கு, ரீச்சர். எங்களுக்குக் கலைக்கிறதென்றால் துரத்துவது. வயலுக்குள் வந்த யானையை வெடி போட்டுக் கலைக்கிறோம். நேற்று அண்ணாவின் மகனை இருத்தி விளையாடிப் பார்த்தேன். மாயக்கைக்கு ஐஸ்கிறீம் குச்சி, அவனுக்குச் சோடா மூடி. "மாயக்கையைக் கலை" என்றேன். மூடியைக் குச்சிக்குப் பின்னால் மேசை முழுக்க ஓட்டிவிட்டு, "பிடிபடுதில்லை, சித்தப்பா" என்றான். 'அவிழ்ப்பு' என்றால் என்ன?

வவுனியாவிலிருந்து:

அவிழ்ப்பா? ஒன்பதாம் வகுப்புப் பெடியள் முன்னால் சொல்லிப் பாருங்கோ. சாரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மூன்றாவதற்கு மட்டும் சொல்கிறேன், 'வெட்டு'. சூனியத்தை வெட்டுகிறதென்றுதானே ஊரில் பேச்சு? அகராதி பார்க்கத் தேவையில்லை.

இரணைமடுப் பக்கமிருந்து:

குளத்து மதகுத் துருசைப் பூட்டினால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். முதலாவதற்குப் 'பூட்டு'.

ஒட்டுசுட்டானிலிருந்து:

திறப்பு எங்கே என்று கேட்பார்கள், அண்ணை.

மாங்குளத்திலிருந்து:

'வெட்டு' எனக்கும் சம்மதம், நல்ல தமிழ். 'கலைப்பு' சம்மதமில்லை. பாராளுமன்றத்தைக் கலைத்த பின் அதை மீண்டும் கூட்டத் தேர்தல் வேண்டும். உங்கள் மாயக்கை மறுமுறையே வருமே! வழக்கில் இருப்பதற்காகப் பிழையான சொல்லை வைத்தால், பிறகு திருத்த ஆளிராது.

கிளிநொச்சியிலிருந்து:

ஐயா, மேகம் கலைகிறது, திரும்பக் கூடுகிறது. எனக்கு அது போதும். மேசையில் ஒரு பிள்ளை அவதியில் கத்தக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். 'உபசங்காரம்' என்று கத்துவதற்குள் பூதம் அடித்துவிடும். தனியஞ்சல்களையும் சேர்த்தால் கலைப்புக்கு நால்வர், மீட்டலுக்கு ஐயா ஒருவர். ஆகவே கலைப்பு, பிடிவிடல், வெட்டு. முதலாவதன் கீழே 'துரத்துவது அல்ல' என்று ஒரு வரி போடுகிறேன்.

மாங்குளத்திலிருந்து:

அச்சாகட்டும். என் மறுப்பு மறுப்புத்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

ரீச்சர், இப்பதான் கண்டேன். கூட வரும் துணைவிலங்கை அனுப்பிவிடுவதற்கும் விதிநூலில் முதலாவதன் சொல்லேதான். அங்கே எங்கட 'கலைக்கிறது' அச்சொட்டாகப் பொருந்துது. நீங்கள் போடும் அந்த ஒரு வரி அங்கே பிழையாகிவிடுமே?

கிளிநொச்சியிலிருந்து:

கொப்பி எடுத்தாச்சு, தம்பி.